‘பாசிட்டிவ்’ என்ற சொல் எதை மெய்ப்பிக்கிறது?

போதைப்பொருள் பற்றிய செய்தி ஒன்று வெளிவந்தால் போதும். விடுதி மாணவர் அனைவருக்கும் கட்டாயச் சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்ற குரல் நம் வளாகங்களில் எழுந்துவிடுகிறது. இது புதிய சிந்தனை அன்று. 2018-இல் பஞ்சாப் அரசு தன் ஊழியர் அனைவருக்கும் இத்தகைய சோதனையை அறிவித்தது. நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் ஒரு சோதனை சொல்வது ஒன்று. சட்டம் கேட்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போது ஒரு மாணவரின் படிப்பே பறிபோகக்கூடும். சாலையில் நடைபெறும் மூச்சுச் சோதனையை நான் ஆதரிக்கிறேன். வளாகத்தில் அனைவருக்குமான கட்டாயச் சோதனையை எதிர்க்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

மொழியியல் பயின்றவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் ‘போதை’ என்ற ஒரு சொல்லே பல வேலைகளைச் செய்கிறது. ‘போதைப்பொருள்’ என்னும்போது அது பொருளைச் சார்கிறது. ‘போதையில் இருந்தார்’ என்னும்போது நிலையைச் சுட்டுகிறது. ‘போதைக்கு அடிமை’ என்னும்போது பழக்கத்தைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் இதனால் இடர் இல்லை. சட்டமோ வைத்திருத்தல், உட்கொள்ளல், மயங்கிய நிலையில் செயற்படல், அடிமைப்பட்டிருத்தல் ஆகியவற்றைத் தனித்தனியே நோக்குகிறது. சோதனை அறிக்கையைப் ‘போதை உறுதி’ என்று நாம் மொழிபெயர்க்கும் கணத்தில் இந்நான்கும் ஒன்றாகிவிடுகின்றன.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவைக் காண்போம். அதன் தலைப்பு குடித்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. உள்ளே இருப்பதோ ஓர் எண்: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால். ஓட்டுநர் தள்ளாடினாரா என்பது இங்குக் கேள்வியே அன்று. 2019 திருத்தத்துக்குப் பின் முதற் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மூச்சுக் கருவி, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றிலுள்ள ஆல்கஹாலை மின்முனையில் ஆக்சிகரணம் செய்து, அதனால் எழும் மின்னோட்டத்தை அளந்து, இரத்த அளவாக மாற்றிக் காட்டுகிறது. இது மதிப்பீடுதான். வாய் கொப்பளிக்கும் மருந்திலுள்ள ஆல்கஹாலும் சிறிது நேரம் கணக்கைக் கெடுக்கும். ஆயினும் ஆல்கஹால் சில மணி நேரங்களில் உடலை விட்டு நீங்குவது; அதன் அளவுக்கும் ஓட்டுந்திறன் குறைவதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஆகவே அந்த எண், ‘இப்போது’ என்ற காலத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது. அதனால்தான் அது நியாயமான அளவுகோல்.

கருவியை விடுத்து மனிதரின் கண்ணையும் காதையும் மட்டும் நம்பலாமா? 1971-இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. மூச்சில் மது வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்பாவை ஆகியவற்றை மருத்துவர் குறித்திருந்தார், இரத்தம் சோதிக்கப்படவில்லை. இவற்றைக் கொண்டு மட்டும் திட்டமான முடிவுக்கு வர இயலாது என்றது நீதிமன்றம். பேச்சை ஆராய்பவர் எவரும் இதை வரவேற்பர். விபத்தின் அதிர்ச்சியும், திக்குவாயும், தனக்குப் பழக்கமில்லாத மொழியில் கேள்விக்கு விடை சொல்லும் தடுமாற்றமும் கேட்பவர் காதில் ‘குழறல்’ என்றே விழக்கூடும்.

சிறுநீர்ச் சோதனையின் இயல்பு வேறு. முதற்கட்டச் சோதனைப் பட்டை எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி ஒரு மூலக்கூற்றுக் குடும்பத்தைத் தேடுகிறது. அதை ஒத்த வேறு பொருளையும் சில வேளை பிடித்துவிடும். நிறை நிறமாலைமானி கொண்டு செய்யும் இரண்டாம் கட்டச் சோதனையே பொருளை அடையாளம் காட்டவல்லது. அதுவும் காலத்தைச் சொல்லாது. கஞ்சாவைப் பொறுத்தவரை சிறுநீரில் தேடப்படுவது மயக்கம் தராத ஒரு சிதைவுப் பொருள். தொடர்ந்து பயன்படுத்தியவரிடம் அது வாரக்கணக்கில் தங்கியிருக்கும்.

இங்கே சட்டச் சொல்லும் வேதியியலும் நேரடியாக முரண்படுகின்றன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்பதற்குச் செடியின் பூ அல்லது காய் கொண்ட நுனிகள் என்று வரையறை தருகிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்குகிறது. இலையிலிருந்து செய்யும் பாங் அதனால் இவ்வரையறைக்கு வெளியே நிற்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அது உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. ஹோலியன்று பாங் கலந்த தண்டாய் குடித்த மாணவியையும் கஞ்சா புகைத்தவரையும் சிறுநீர் வேறுபடுத்தாது. கசகசாவும் அப்படியே. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் வெளிப்படக்கூடும் என்பதால்தான் அமெரிக்கக் கூட்டரசுப் பணியிடச் சோதனைகளில் அபின் வகைக்கான வரம்பு 1998-இல் மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தப்பட்டது.

அடுத்து, கட்டாயப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? உடற்பொருளைத் தருவது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்பது 1961-இன் காத்தி காலு தீர்ப்பு வகுத்த நெறியின் போக்கு. ஆகவே அரசமைப்பின் 20(3) இங்குப் பெரிதும் துணைவராது. ஆனால் கைதானவரை மருத்துவர் பரிசோதிக்குமாறு கோர நடைமுறைச் சட்டம் அதிகாரம் தருவது காவல் அதிகாரிக்கு. விடுதிக் காப்பாளருக்கு அன்று. 2017-இன் புட்டசாமி தீர்ப்பு, அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமெனில் சட்டம் இருக்க வேண்டும், முறையான நோக்கம் வேண்டும், தலையீடு அதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது. அரசுக் கல்வி நிறுவனமொன்றின் சுற்றறிக்கை சட்டமாகாது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பதும் விடையாகாது. மறுத்தால் அறை இல்லை என்ற நிலையில் சொல்லப்படும் ‘ஆம்’ சம்மதம் என்ற பெயருக்கு உரியதன்று.

விளையாட்டு வீரருக்கு உள்ள பாதுகாப்பை நினைத்துப் பாருங்கள். மாதிரி இரு புட்டிகளில் முத்திரையிடப்படுகிறது. முதலாவது பாதகமாக வந்தால் இரண்டாவதைச் சோதிக்கக் கோரலாம். விசாரணைக் குழுவும் மேல்முறையீடும் உண்டு. பதக்கத்துக்கு இவ்வளவு காப்பு இருக்க, பட்டத்துக்கு ஒரு பட்டையின் கோடு போதும் என்பது என்ன நியாயம்?

போதைப்பொருள் தடுப்புச் சட்டமே தன் 64ஏ பிரிவில், உட்கொள்ளல் அல்லது சிறு அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. கடுமையான சட்டமும் திறந்து வைத்த இக்கதவை வளாகம் அடைத்துவிடக் கூடாது. சோதனைக்கு அஞ்சும் மாணவர் மருத்துவரிடமும் போகமாட்டார்.

ஆகவே நான் வேண்டுவன நான்கு. தெளிவான சட்டமும் குறிப்பிட்ட ஆபத்தும் இல்லாத இடத்தில் கட்டாயச் சோதனை கூடாது. இரண்டாம் கட்ட உறுதிப்பாடு இன்றி எதையும் முடிவாகக் கொள்ளக் கூடாது. மாதிரியின் ஒரு பகுதியை மாணவரின் மறுசோதனைக்காகப் பாதுகாக்க வேண்டும். முடிவு முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் அன்று.

அறிக்கையின் வாசகமும் மாறட்டும். ‘போதை உறுதி’ என எழுதாமல், இன்ன பொருள் இன்ன அளவில் காணப்பட்டது என்று மட்டும் எழுதினால் போதும். சோதனைக்குத் தெரிந்தது அவ்வளவே.