அண்ணனுக்காக வாள் எடுத்த அலிஸ்!

நடுத்தெருவிலே ஒரு வாலிபன் விழுந்து கிடக்கிறான். ராஜாவின் ஆட்கள் அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஓடி வருகிறாள் தங்கை. அவள் கண் முன்னாலேயே அண்ணன் உயிர் பிரிகிறது.

தங்கை அழுதுகொண்டு உட்காரவில்லை. வாளை எடுத்தாள். புறப்பட்டாள்!

இது சினிமாக் கதை அல்ல. டெலிவிஷனோடு இணைத்து ஆடும் ஒரு வீடியோ விளையாட்டு. இதன் பெயர் "ஃபேண்டஸி ஸ்டார்". ஜப்பானைச் சேர்ந்த சேகா கம்பெனி 1987-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இதை வெளியிட்டது. "மாஸ்டர் சிஸ்டம்" என்ற விளையாட்டுப் பெட்டிக்காகச் செய்தது. கதாபாத்திரமாகவே மாறி, ஊர் ஊராகப் போய், பலருடன் பேசி, பகைவரை வென்று கதையை முடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

"இவ்வளவு பழைய ஆட்டத்தை இன்று யார் ஆடுவார்கள்?" என்று கேட்பீர்கள்.

ஆடலாம் என்பதே என் கருத்து. ஆனால், பழையது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் கூடாது. அதிலே குறையும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

மூன்று உலகங்கள்

அல்கோல் என்று ஒரு சூரியன். அதைச் சுற்றி மூன்று உலகங்கள். பால்மா பச்சைப் பசேல் என்று இருக்கும். மொட்டேவியா மணல் காடு. டெசோரிஸ் முழுவதும் பனி.

மூன்றையும் ஆள்பவன் லாசிக். முதலில் நல்ல ராஜாதான். சாகாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கொடுங்கோலன் ஆகிவிட்டான். அவனை எதிர்த்ததால்தான் அலிஸின் அண்ணன் நீரோ உயிர் இழந்தான்.

வாளும் உண்டு, விண்வெளிக் கப்பலும் உண்டு. மந்திரமும் உண்டு, எந்திர மனிதனும் உண்டு. விஞ்ஞானமும் விட்டலாச்சார்யா படமும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் இருக்கும்!

பெண் எழுதிய கதை

அந்தக் காலத்து வீடியோ விளையாட்டுகளில் பெண்ணுக்கு என்ன வேலை? பெரும்பாலும் ராட்சசனிடம் சிறைப்பட்டுக் கிடப்பாள். வீரன் வந்து மீட்பான். அவ்வளவுதான்.

அலிஸ் அப்படி அல்ல. அவள்தான் தலைவி. ஆண்கள் அவள் பின்னால் வருகிறார்கள்.

இது எப்படி வந்தது? கதை எழுதியவர் சியேகோ ஆவோகி என்ற பெண்மணி. பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் ரியேகோ கொடாமா என்ற பெண்மணி. அந்நாளில் விளையாட்டு செய்தவர்களின் உண்மைப் பெயரைத் திரையில் போடுவது அபூர்வம். ஆணானாலும் பெண்ணானாலும் புனைபெயர்தான். கொடாமாவின் பெயர் "ஃபீனிக்ஸ் ரீ" என்று வந்தது. அவர் 2022-ம் ஆண்டு காலமானார். ஆட்டத்தைப் புகழ்வோர் அவர் பெயரையும் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

திறக்காத பாட்டில்

அலிஸுக்குத் துணை வருபவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் ஓடின் என்ற மாவீரன். மெடூசா என்ற அரக்கியை எதிர்க்கப் போனான். கல்லாகிவிட்டான். அவனோடு போனது மியாவ் என்ற பூனை. கல்லை மீண்டும் மனிதனாக்கும் மருந்து அந்தப் பூனையிடமே இருக்கிறது. ஆனால், பாட்டிலைத் திறக்கப் பூனைக்குக் கை ஏது?

மருந்து பூனையிடம். திறக்கும் கை அலிஸிடம். அலிஸ் ஒரு பானையை வியாபாரியிடம் கொடுத்துப் பூனையை வாங்குகிறாள். பிறகு ஓடின் எழுந்து நிற்கிறான்!

மூன்றாவது துணை நோவா என்ற மந்திரவாதி. அவனைச் சேர்க்க கவர்னரின் கடிதம் வேண்டும். கவர்னரைப் பார்க்க வேண்டுமானால் கேக் கொண்டு போக வேண்டும். கேக் கடை எங்கே தெரியுமா? பயங்கரக் குகையின் அடியிலே! சிரிக்காமல் இருக்க முடியாது.

இன்னொரு நல்ல அம்சம்: எதிரே வரும் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. சில ஜந்துக்களிடம் பேசிப் பார்க்கலாம். பேச்சிலேயே சண்டை முடிந்துவிடுவதும் உண்டு.

குறை என்ன?

பத்து அடி நடப்பதற்குள் சண்டை வருகிறது. பணமும் பலமும் சேர்க்க, ஆரம்பத்தில் ஊரைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் அதையே செய்ய வேண்டும். நாலு எதிரிகள் நின்றால், யாரை அடிப்பது என்று நாம் தீர்மானிக்க முடியாது. இதையெல்லாம் "பழைய காலத்துப் பெருமை" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். செக்கு மாடு சுற்றுவது விளையாட்டு ஆகாது.

குகைக்கு வழி சொல்லும் படம் கிடையாது. இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். காகிதமும் பென்சிலும் எடுத்து நாமே வரைய வேண்டும். பிள்ளை ஆடட்டும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து வழி வரையட்டும். பூனையும் அலிஸும் சேர்ந்து பாட்டில் திறந்த கதைதான்!

சொந்த மொழியில்

இது படிக்க வேண்டிய ஆட்டம். ஊரில் உள்ளவர்கள் சொல்வதைப் படித்தால்தான் வழி தெரியும். 1991-ம் ஆண்டு பிரேசில் நாட்டில் டெக் டாய் கம்பெனி இதைப் போர்த்துகீசிய மொழியில் வெளியிட்டது. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளும் அலிஸின் கதையைத் தாங்களே படித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு, கதை சொந்த மொழியில் இருந்தால் அடுத்த வரியைப் படிக்க ஆசை வரும். விளையாட்டு செய்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க

பழைய கேட்ரிட்ஜ் வாங்குவதானால் ஜாக்கிரதை! ஆடிய இடத்தை நினைவில் வைக்க அதற்குள் ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்திருந்தால் தினமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2018-ம் ஆண்டு நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்கு இதே ஆட்டம் வெளியானது. அதில் சண்டைகளைக் குறைத்துக்கொள்ளலாம். குகைக்கு வழிப்படமும் உண்டு. பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே மேல்.

முடிவாக என் தீர்ப்பு: சுற்றிச் சுற்றிச் சண்டை போட வைப்பதற்குக் குறை மார்க். கதைக்கும் அலிஸுக்கும் முழு மார்க். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவள் கையில் முதலில் கொடுங்கள். தலைவியாக நின்று மூன்று உலகத்தையும் அவள் மீட்கட்டும்!