வாசிகசாலைக்குப் பத்திரிகை வேண்டும்: எமது நிலைப்பாடு

தொலைபேசியிலேயே செய்தி வந்துவிடும்போது வாசிகசாலைக்குப் பத்திரிகை வாங்குவது வீண்செலவு என்று சிலர் சொல்கிறார்கள். மண்கும்பான் வாசகர்களாகிய நாம் இதை ஏற்கவில்லை. வேலணைப் பிரதேசத்தின் ஒவ்வொரு சனசமூக நிலைய வாசிகசாலையிலும் குறைந்தது இரண்டு தமிழ் நாளிதழ்கள் கிடைக்க வேண்டும். வாசித்து முடித்தவற்றைப் பழைய கடதாசியாக நிறுத்து விற்காமல் கட்டிப் பேண வேண்டும்.

இரண்டு என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1841 ஜனவரி 7இல் அமெரிக்க மிஷன் உதயதாரகையைத் தொடங்கியது. கத்தோலிக்கருக்குச் சத்தியவேத பாதுகாவலன் வந்தது. 1889இல் சைவ பரிபாலன சபை இந்துசாதனத்தை வெளியிட்டது. ஒன்று சொன்னதை மற்றொன்று மறுக்கும். வாசகர் இரண்டையும் பார்த்துத் தாமே முடிவுக்கு வரலாம். எந்தப் பத்திரிகைக்கும் ஒரு சார்பு உண்டு என்பது எமக்குத் தெரியும். அதனால்தான் ஒன்று போதாது என்கிறோம்.

பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கும். பிழை வந்தால் திருத்தம் கேட்க ஓர் இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் குரல்பதிவுக்கு அப்படி யாரும் பொறுப்பில்லை.

பேண வேண்டும் என்பதற்கான காரணம் கசப்பானது. 1959 முதல் யாழ்ப்பாணத்தின் சொந்தக் குரலாக வந்த ஈழநாடு பத்திரிகையின் அலுவலகம், 1981இல் பொது நூலகம் எரிந்த அதே நாள்களில் எரிக்கப்பட்டது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி அச்சகங்களைத் தகர்த்தது. 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பத்திரிகைகள் மீது ஆயுத இயக்கங்களின் அழுத்தமும் சேர்ந்தே இருந்தது. அக்காலத்தில் அச்சேறாமல் போன செய்திகளும் பல. ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இத்தனைக்கும் தப்பிய பிரதிகளே எமது சாட்சி. நூலகம் நிறுவனம் அவற்றை மின்வடிவில் சேர்த்து வருகிறது. ஆனால் இடம்பெயர்ந்து திரும்பிய தீவக மக்களின் காணி, மணல் அகழ்வு, கிணற்று நீர் உவராதல், படகுச் சேவை பற்றிய சிறு செய்திகளை ஊரிலேயே கட்டி வைத்தால்தான் நாளை ஒரு வழக்குக்கோ விண்ணப்பத்துக்கோ ஆதாரம் கிடைக்கும்.

எனவே நாம் கோருபவை:

1. பிரதேச சபை தன் வரவு செலவுத் திட்டத்தில் வாசிகசாலைப் பத்திரிகைகளுக்குத் தனி ஒதுக்கீடு செய்ய வேண்டும்.

2. சபைத் தீர்மானங்களும் கேள்விப்பத்திர விபரங்களும் யாரும் கேட்காமலே நிலையங்களில் ஒட்டப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ள நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல.

3. செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பிரதேச நிருபர்களுக்குப் பத்திரிகை நிறுவனங்கள் நிலையான கொடுப்பனவு வழங்க வேண்டும்.

4. பொய்ச் செய்தியைத் தடுப்பதாகச் சொல்லி விமர்சனத்தை அடக்க இடமளிக்கும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நீக்கப்பட வேண்டும். பொய்க்கு மருந்து, ஒப்பிட்டு வாசிக்கும் வாசகர்களே.

எம் பங்கும் உண்டு. மாதந்தோறும் இதழ்களை வரிசைப்படுத்திக் கட்டுவோம். இரண்டு இடங்களில் உறுதிப்படாத ஊர்ச் செய்தியை எமது குழுக்களில் பகிரமாட்டோம்.

செலவுதான் தடை என்றால், கோயில் திருவிழாவுக்குக் கைகொடுக்கும் புலம்பெயர் உறவுகள் ஓர் ஆண்டுச் சந்தாவையும் ஏற்கலாம், வரவேற்கிறோம். ஆனால் எந்தப் பத்திரிகை வாங்குவது என்பதைப் பணம் தருபவரோ சபைத் தவிசாளரோ தீர்மானிக்கக் கூடாது. அது வாசகர் கூட்டத்தின் உரிமை.