வண்டி என்னுடையது, பூட்டு யாருடையது?



அடையாறு சிக்னலில் என் எஸ்யூவியின் வைப்பர் தானாக ஓடியது, கதவு பூட்ட மறுத்தது. பாடி கன்ட்ரோல் மாட்யூல் போச்சு. மயிலாப்பூர் மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: மழைநீர் புகுந்து கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. புதுசை மாட்ட அவருக்குத் தெரியும். ஆனால் அதை வண்டியின் சாவியோடும் சேசிஸ் எண்ணோடும் இணைக்கும் மென்பொருள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும்தானாம்!

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டதே, எதற்கு? உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்ததற்குத்தான். திருட்டு பயம் என்கிறார்கள். நியாயம்தான். ஆர்சி புத்தகத்தைச் சரிபார்த்துக் கோடு கொடுங்களேன், யார் வேண்டாம் என்றது? முழுக் காசு கொடுத்து வாங்கிய வண்டியில் நான் என்ன குடக்கூலிக்கா இருக்கிறேன்?

அடுத்த கார் வாங்குபவர்கள் மைலேஜ் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: மாட்யூல் கோடிங்கை வெளியே செய்ய விடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.