ஒரு கடை மூடினால் ஒன்றும் ஆகாதா?

2025 செப்டம்பர் 14ஆம் தேதி பஹ்ரைனில் பிரெஞ்சுப் பேரங்காடியான கேரஃபோரின் கடைகள் மூடின. இரண்டு நாள் கழித்துக் குவைத்திலும் மூடின. அதற்கு முன்பே 2024 நவம்பரில் ஜோர்டானிலும் 2025 ஜனவரியில் ஓமானிலும் அந்தப் பெயர்ப்பலகை இறங்கியிருந்தது. நான்கு நாட்டிலும் கடைகளை நடத்திவந்தது துபாயின் மாஜித் அல் ஃபுத்தைம் நிறுவனம். பிரெஞ்சுப் பெயரை விட்டுவிட்டு ‘ஹைப்பர்மேக்ஸ்’ என்ற தன் சொந்தப் பெயரில் அது கடை திறந்தது. கேரஃபோரைப் புறக்கணிக்கச் சொன்ன இயக்கத்தினர் இதைத் தங்கள் வெற்றியாகச் சொன்னார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

நான் மறுக்க வந்தது, அதையொட்டி இங்கே வளைகுடாவில் நம்மவர்களின் அறைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் புழங்கத் தொடங்கிய ஒரு பேச்சை. “பார்த்தீர்களா, இத்தனை பெரிய கடை போனதே, யாராவது பட்டினி கிடந்தார்களா? வளைகுடாவில் எந்தக் கடை மூடினாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று வரும். வராவிட்டால் போனில் ஆப் இருக்கிறது. இதில் தெருமுனைக் குரோசரி ஒன்று மூடினால் என்ன வந்துவிடப் போகிறது?” நான் மதிக்கிற நண்பர்களே இப்படிச் சொல்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் இருந்தே கணக்குத் தப்பு.

குவைத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கேரஃபோர் போனதில் குடியிருப்புப் பகுதிகள் ஆட்டம் காணவில்லை என்பது உண்மை. ஏன் காணவில்லை? அங்கே ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் அதற்கென்று ‘ஜம்இய்யா’ இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கடை. 1962இல் சட்டம் போட்டுத் தொடங்கிய ஏற்பாடு இது. அந்தப் பகுதியில் குடியிருக்கும் குவைத் குடிமக்களே பங்குதாரர்கள். லாபத்தில் ஒரு பங்கு அந்தப் பகுதியின் பொதுக் காரியங்களுக்கே திரும்பி வருகிறது. நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அதில் பங்கு கிடையாது. ஆனாலும் கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது; நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

அந்தக் கடைகள் என்ன செய்யும் என்பதைக் குவைத் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறது. 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை நுழைந்து, ஏறத்தாழ ஏழு மாதம் நாடு பிடிபட்டுக் கிடந்தது. அந்த நாட்களில் அந்தந்தப் பகுதி இளைஞர்கள் தாங்களாகவே ஜம்இய்யாக்களில் நின்று, இருந்த சரக்கைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் கைக்குழந்தை, யாருக்கு நடக்க முடியாது என்பதெல்லாம் அக்கம்பக்கத்து ஆளுக்குத்தான் தெரியும்.

நம் ஊரிலும் ஒரு சாட்சி உண்டு. 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாடு முழுக்க ஆயிரத்து அறுநூறு கடைகள் வரை பரவியது. 2009 தொடக்கத்தில் பணம் வற்றி, கடைகள் மளமளவென்று இழுத்து மூடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, சரக்கு போட்டவர்களுக்குப் பாக்கி நின்றது. ஆனால் எந்தத் தெருவிலும் அரிசி பருப்புக்குத் தட்டுப்பாடு வரவில்லை. அண்ணாச்சி கடைகள் அங்கேயே இருந்தன. சுபிக்‌ஷாவின் விலையோடு போட்டி போட முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தாலும், மூடாமல் இருந்தன.

ஆகவே, பெரிய கடை போனால் ஒன்றும் ஆகாது என்பதற்கு காட்டக்கூடிய உதாரணங்கள் எல்லாம் சின்னக் கடையின் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. அது பக்கத்தில் இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை. முதலில் குரோசரியைப் போகவிட்டு, பிறகு ஒருநாள் எங்கோ ஒரு தலைமை அலுவலகம் அந்தப் பகுதியின் ஹைப்பர் மார்க்கெட்டையும் மூடத் தீர்மானித்தால், அப்போதும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியுமா?

அடுத்தது ஆப். தலாபாத், நூன், கரீம் என்று பதினைந்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறார்கள், நானும் வாங்குகிறேன். அந்தச் சாமான் வருவது வாடிக்கையாளருக்கு வாசலே இல்லாத கிடங்குகளிலிருந்து. சாதாரண நாளில் அது போதும். 2024 ஏப்ரல் 16 சாதாரண நாள் அல்ல. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை நான் இருக்கும் அமீரகத்தில் இல்லை. ஷார்ஜாவில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆப்பைத் திறந்தால் ‘இப்போது சேவை இல்லை’. கட்டிடத்துக் கீழே இரண்டு படி உயரத்தில் இருந்த குரோசரி மட்டும் திறந்திருந்தது. காசர்கோட்டுக்காரர் கடை. குப்பூஸ், பால், தண்ணீர், மெழுகுவத்தி. நான் ஆறு பாட்டில் தண்ணீர் கேட்டேன். “ரெண்டு எடு அண்ணா, மேலேயும் ஆளுண்டு” என்றார். லிஃப்ட் நின்றுவிட்டதால், கடைப் பையன் மேல்மாடியில் இருந்த வயதான தம்பதிக்குப் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தான். தண்ணீர் வடியப் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் எங்கள் கட்டிடத்தின் ரேஷன் கடை அதுதான்.

2020இன் கொரோனா நாட்களையும் மறந்துவிடக் கூடாது. மார்ச் இறுதியில் துபாயில் தேய்ராவின் நைஃப், அல் ராஸ் பகுதிகள் அடைக்கப்பட்டன. ஏப்ரலில் துபாய் முழுக்க இருபத்துநான்கு மணி நேரக் கட்டுப்பாடு. அன்று திறந்திருக்க அனுமதிக்கப்பட்டவற்றில் மருந்துக்கடையோடு மளிகைக்கடையும் இருந்தது. பெரிய கடைகளின் ஆன்லைன் ஆர்டருக்கு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், கீழே கடை இருந்த கட்டிடத்துக்கும் இல்லாத கட்டிடத்துக்கும் என்ன வேறுபாடு என்று.

“பெரிய கடையில் விலை குறைவு” என்கிறார்கள். ஐந்து கிலோ அரிசிக்கும் பெரிய எண்ணெய் டின்னுக்கும் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வாங்க முதலில் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். வைக்க இடம் வேண்டும். போய்வர வண்டி வேண்டும். பெட்ஸ்பேஸில் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியோடு வாழ்கிறவருக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? அவருக்கு வேண்டியது நாலு முட்டை, இரண்டு வெங்காயம், ஒரு திர்ஹத்துக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும். ஆப்பில் அதற்குக் குறைந்தபட்ச ஆர்டர் தொகை கேட்கும், டெலிவரிக் காசு தனி. அல் கூஸ், முசஃப்பா, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்களில் இருந்து மாலுக்கு டாக்சி வைத்துப் போய்வந்தால், மிச்சம் பிடித்த காசு வண்டிக்கே போய்விடும். நடந்து போகலாம் என்றால், இது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே சட்டம் வைத்திருக்கிற நாடு.

இன்னொன்று. விலையைக் கட்டிவைத்திருப்பது பெரிய கடைகளின் தயவு என்று நினைக்க வேண்டாம். அமீரகத்தில் அரிசி, சர்க்கரை, முட்டை, எண்ணெய், ரொட்டி உள்ளிட்ட ஒன்பது அடிப்படைப் பொருட்களின் விலையை அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் யாரும் ஏற்றக் கூடாது. அந்தச் சட்டம் எல்லாக் கடைக்கும் பொது.

குரோசரியின் பற்று நோட்டைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை. சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால், இரண்டு மாதம் வராமலே போனால், அறையில் அடுப்பு எரிவது அந்த நோட்டால். சம்பளச் சீட்டு கேட்காமல், வட்டி போடாமல், முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிற கடன் அது. பெயருக்குப் பதிலாக “304 தமிழன்” என்று எழுதியிருக்கும். எந்த ஹைப்பர் மார்க்கெட் கவுன்டரில் இது நடக்கும்? அண்மையில் வந்த தவணை ஆப்களும் வங்கி அட்டை உள்ளவருக்குத்தான் கதவு திறக்கும்.

சுத்தம், தரம் என்ற வாதத்தை மட்டும் நான் பாதி ஏற்கிறேன். காலாவதியான டின்னும், மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் அணைத்துவைத்த ஃபிரீசரும் ஏழையின் வயிற்றில்தான் போய் விழும். அதைக் கண்டித்து மூடச் சொன்னால் நானும் கூடவே நிற்பேன். அபுதாபியில் உணவுக் கட்டுப்பாட்டு ஆணையம் 2012 இறுதிக்குள் எல்லா மளிகைக்கடைகளும் ‘பக்காலா’ என்ற ஒரே தோற்றத்துக்கும் புதிய தரத்துக்கும் மாற வேண்டும் என்றது. புதிய அலமாரி, குளிர்பெட்டி, கணினி பில் எல்லாம் வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் செலவைத் தாங்க முடியாமல் பல கடைகள் மூடின. மாறிய கடைகள் அழகாகவே இருந்தன. மூடிய கடைகளின் தெருவில் இருந்தவர்கள் பால் பாக்கெட்டுக்கு இரண்டு சிக்னல் தாண்டி நடந்தார்கள். தரத்தைக் கேட்கிற அரசு, அதற்குத் தவணையும் கால அவகாசமும் சேர்த்துக் கொடுத்தால் சுத்தமும் கிடைக்கும், கடையும் நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை.

என்னை மிகவும் வருத்தும் வாதம் கடைசியாக வருவது. “இது தற்காலிக ஊர். இங்கே அக்கம்பக்கம் என்று ஒன்று ஏது?” எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது, உண்மைதான். ஆனால் சாவியை எங்கே கொடுத்துவிட்டுப் போகிறோம்? பள்ளிப் பேருந்து சீக்கிரம் வந்துவிட்டால் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும்? புதிதாக வந்தவனுக்கு எந்தக் கட்டிடத்தில் கட்டில் காலி என்று சொல்வது யார்? கண்ணூர்க்காரரைச் சேட்டா என்றும் கீழக்கரைக்காரரைக் காக்கா என்றும் கூப்பிட்டு, மூன்று மொழி கலந்து பேசி, ஊர்ச் செய்தி கேட்டுக்கொண்டு நிற்கிற அந்த ஆறடி இடம்தான் இங்கே நமக்கு வாய்த்த திண்ணை. தனியாக இருக்கும் ஒருவர் இரண்டு நாளாகக் கீழே வரவில்லை என்பதை முதலில் கவனிப்பது தண்ணி கேன் தூக்கிவரும் கடைப் பையன். ஊர் தற்காலிகமாக இருப்பதால்தான் அந்தக் கடை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. சொந்த ஊரில் என்றால் இந்த வேலைகளைச் செய்யப் பத்துச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

இந்தக் கடைகளை ஹைப்பர் மார்க்கெட்டைவிட அதிகமாகச் சாய்ப்பது ஒன்று உண்டு, அது நம் கையில் இருக்கிறது. வேலை போய் அவசரமாகக் கிளம்புகிறவர்களும், லீவுக்கு என்று போய்த் திரும்பாமல் இருந்துவிடுகிறவர்களும் விட்டுச்செல்லும் பாக்கி. எழுதிவைத்த நோட்டைத் தவிர கடைக்காரரிடம் ஆதாரம் இல்லை. அவர் யாரையும் தேடி ஊருக்கு வரப் போவதும் இல்லை. ஆகவே வளைகுடாவில் இருக்கும் என் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். டிக்கெட் கைக்கு வந்ததும் கீழே இறங்கிக் கடைக்குப் போங்கள். நோட்டை எடுக்கச் சொல்லி, உங்கள் பக்கத்தைக் கூட்டிப் பார்த்து, அடைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.