பானையும் பாயும் ஏற்றி ஒரு பயணம்



சேமிப்புப் பற்றி நாங்கள் கூடிப் பேசிய ஒரு நாளில், கரைச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, சேமிக்கச் சொல்லுறியள், சேமிக்கிறம். கூரைக்கு, கிணத்துக்கு, பிள்ளையின்ரை ரியூசனுக்கு எல்லாம் சேமிக்கிறம். எங்களுக்கெண்டு எதுக்குச் சேமிக்கிறது?"

அவரது கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் சிலர் விடுமுறைக்கு வீடு போன்ற ஒரு வானில் புறப்படுவார்கள். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் அந்த வானுக்குள்ளேயே இருக்கும். பிரான்சில் சம்பாஞ் என்ற பிரதேசம் வைனுக்குப் பேர்போனது. அங்குள்ள முந்திரிகைக் குன்றுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே வானை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே உறங்கி எழும்புவார்கள். விடுதிக் காசும் சாப்பாட்டுக் கடைக் காசும் மிச்சம்.

இது எமக்குப் புதிதல்ல. கூடார வண்டிலில் பானை, பாய், அரிசி மூட்டையோடு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கும் மடுமாதா திருவிழாவுக்கும் போனவர்கள் எங்கள் பாட்டிமார். மர நிழலில் அடுப்பு மூட்டுவார்கள், மடத்தில் படுப்பார்கள். அவர்களது வண்டிலே அவர்களது வீடு. அந்தப் பழக்கத்தையே நாங்கள் வானில் ஏற்றினோம்.

போகும் இடமாக யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டங்களைத் தெரிவு செய்தோம். "பந்தலிலை பழம் தொங்கிறதை ஒருக்காக் கண்ணாலை பாக்கவேணும்" என்று பலர் சொன்னதுதான் காரணம்.

காசு எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு விதி வைத்தோம். இந்தப் பயணத்துக்கு ஒருவரும் கடன் எடுக்கக் கூடாது, நகை அடகு வைக்கக் கூடாது. நுண்கடன் எங்கள் கிராமங்களில் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர். மாதர் சங்கக் கூட்டத்தில் கிழமைக்கு 100 ரூபாவாக 35 கிழமைகள் போட்டோம். ஒருவருக்கு 3,500 ரூபா சேர்ந்தது, எல்லாமாக 42,000. சாரதியும் எரிபொருளும் உட்பட இரண்டு நாளைக்கு வானுக்கு 36,000 ரூபா பேசினோம். மீதி 6,000 ரூபா மரக்கறிக்கும் தேத்தண்ணிக்கும் உண்டியலுக்கும் பழத்துக்கும். அரிசி, தேங்காய், மிளகாய்த்தூள், விறகு எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோனோம். நீங்கள் போகும்போது வாடகை கூடலாம், குறையலாம். ஆனால் எரிபொருள், சாரதியின் சாப்பாடு, தரிப்பிடக் காசு யாருடையது என்று முன்னமே தெளிவாகப் பேசி எழுதி வையுங்கள்.

காசு சேர்ந்தபின் கதை தொடங்கியது. "புருசன் இல்லாதவளுக்கு என்ன ஊர் சுத்தல்?" என்று ஒருவரின் மச்சான் கேட்டாராம். நான் சமூகவியல் படித்த காலத்தில் சமூகக் கட்டுப்பாடு என்று ஒரு பாடம் இருந்தது. அதைப் புத்தகத்தில் படிப்பதும் படலையடியில் நின்று கேட்பதும் ஒன்றல்ல. கோயிலுக்குப் போனால் கேள்வி இல்லை, பார்த்து மகிழப் போனால் கேள்வி. நாங்கள் யாருடனும் வாதாடவில்லை. போகும் இடங்கள், தங்கும் இடம், சாரதியின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தோம். பாதிக் கதை அதோடு நின்றுவிட்டது.

ஏற மறுத்த இருவர்

புறப்படும் காலை வானில் பானையும் பாயும் தறப்பாளும் ஏற்றினோம். அதைப் பார்த்து நின்ற ஒரு அக்கா படலையைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். "இதுகளை ஏத்தின வண்டியிலை நான் இனி ஏறமாட்டன்."

அவர் கடைசியாகப் பானையும் தறப்பாளும் ஏற்றியது 2009இன் தொடக்கத்தில், உழவு இயந்திரப் பெட்டியில். அந்தப் பாதையில் அவர் யாரை இழந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் யோசிக்கவில்லை. அது என் பிழை.

நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. எல்லாச் சாமானையும் இறக்கிவிட்டு, எதை ஏற்றுவது என்று அவரையே தீர்மானிக்கச் சொன்னோம். சற்று நேரம் இருந்துவிட்டு எழும்பி வந்தார். தறப்பாளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டார். பானையை மட்டும் தன் கையால் ஏற்றினார். "பானை வேணும். பசிக்கும்" என்றார்.

இன்னொருவர் ஒரு அம்மா. மகன் காணாமல் ஆக்கப்பட்ட நாளிலிருந்து அவர் ஓர் இரவும் வீட்டை விட்டுத் தங்கியதில்லை. "அவன் வரேக்கை வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது" என்பது அவரது வார்த்தை. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நாங்கள் யார்? பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்றிரவு அவரது வீட்டில் படுக்கச் சம்மதித்தாள். லாம்பு எரிய வேண்டும், யாராவது வந்தால் உடனே அழைப்பு எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பிறகே அவர் ஏறினார்.

முதலாம் நாள்

அதிகாலை 5 மணிக்குக் கிளிநொச்சியில் புறப்பட்டோம். பரந்தன் தாண்டி ஆனையிறவில் விடிந்தது. இந்த வீதி 2002இல் திறக்கப்பட்டதும், 2006 ஆவணியில் மறுபடி மூடப்பட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இறங்கி நின்று பார்த்தோம். உப்பளப் பக்கத்துக் காற்று முகத்தில் அடித்தது. சிலர் அழுதார்கள், அழ விட்டோம். பிறகு பளையில் நிழல் பார்த்து நிறுத்தி, கொண்டுபோன புட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம். வீதியோரத்தில் நுங்கு வாங்கினோம்.

மீசாலையில் திரும்பிப் புத்தூர் வழியாக நிலாவரைக் கிணற்றுக்குப் போனோம். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்பது ஐதீகம். சுண்ணாம்புக்கல் நிலம் கரைந்து உண்டான ஆழமான நீர்நிலை என்பது விஞ்ஞானம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே வரும். கடற்கரைக் கிராமங்களில் கிணறு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது நல்ல பாடம்.

மத்தியானம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்று பெயரே உண்டு. மடத்தில் வாழையிலையில் சோறு போட்டார்கள். சாப்பிட்டபின் எங்களில் நால்வர் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார்கள். இயன்றதை உண்டியலில் போட்டோம். பின்னேரம் ஆற்றங்கரையில் இருந்து கதைத்தோம். இரவு மடத்திலேயே பாய் விரித்தோம். மடங்களில் தங்குவதற்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாக் காலத்தில் இடம் கிடைப்பது கடினம்.

அந்த அம்மா இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் விடிய ஒருமுறையும் வீட்டுக்கு அழைப்பு எடுத்தார்.

இரண்டாம் நாள்

காலையில் அச்சுவேலி வழியாகத் தோலகட்டி ஆச்சிரமம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகளின் இடம் இது. மௌனமும் செபமும் உழைப்பும் அவர்களது வாழ்க்கை. இந்த ஆச்சிரமத்து நெல்லி இரசமும் முந்திரிகை வைனும் யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்றவை. வயாவிளான் பக்கமும் 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்த மண்தான்.

வைன் என்றதும் எங்களில் ஒருவர் முகம் சுழித்தார். கசிப்பால் குடும்பம் அழிந்ததைக் கண்டவர் அவர். அவர் கோபம் நியாயமானது. பழச்சாறு எப்படி மதுவாகிறது என்று அங்கே பேசினோம். பழத்தில் உள்ள சீனியை மதுவம் என்ற நுண்ணுயிர் தின்று மதுசாரமாகவும் காற்றாகவும் மாற்றுகிறது. பூசையில் பயன்படும் சிறு கிண்ணம் வேறு, கூலிக்காசைக் கரைக்கும் போத்தல் வேறு. ஆனால் மதுசாரம் ஒன்றே. வீட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். நாங்கள் நெல்லி இரசம் ஒரு போத்தல் வாங்கி, தண்ணீர் கலந்து பன்னிரண்டு பேரும் பகிர்ந்து குடித்தோம்.

பிறகு கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்று. பெண்களுக்குத் தனியான கேணி உண்டு. குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் கதையை ஒரு அக்கா சொல்லச் சொல்ல நீராடினோம். ஒரு சதமும் செலவில்லை. படலையைப் பிடித்திருந்த அந்த அக்கா, கேணியிலிருந்து ஏறவே மாட்டேன் என்றார்.

நிழலில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தோம். சாப்பிட்டு முடிந்ததும் நெருப்பை நூர்த்து, குப்பையை எல்லாம் கட்டி வானில் ஏற்றினோம்.

பந்தலின் கீழ்

பின்னேரம் உரும்பிராய்ப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டக்காரரின் மனைவியே எல்லாம் விளக்கினார். செம்மண், கிணற்றுத் தண்ணீர், எரு, பந்தல், இவையே மூலதனம். கொப்பைக் கவாத்துப் பண்ணினால்தான் புதுத்தளிரோடு பூங்கொத்து வரும். அதிலிருந்து மூன்று நான்கு மாதத்தில் பழம் ஆயலாம். குளிர்நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும் கொடி, எங்கள் வெயிலில் கவாத்துக்கேற்ப ஒரு தடவைக்கு மேலும் காய்க்கும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் இப்படித்தான். அங்குள்ள பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மாரி மழையில் இலையில் பூஞ்சண நோய் வரும், பழம் வெடிக்கும். அதனால் மழைக்காலத்தைக் கணக்குப் பார்த்தே கவாத்துச் செய்கிறார்கள். குருவிக்கு வலை கட்டுகிறார்கள். இன்னொரு விடயமும் சொன்னார். மாம்பழம் போல் முந்திரிகை ஆய்ந்த பிறகு பழுக்காது. புளிப்பாக ஆய்ந்தால் புளிப்பாகவே இருக்கும். சந்தையில் வாங்கும்போது ஒன்றைச் சுவைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தோட்டத்தடியில் மூன்று கிலோ வாங்கினோம். கேட்டு, கவாத்தில் விழுந்த தடிகள் சிலவும் பெற்றுக்கொண்டோம். வீடு வந்து நட்டவற்றில் வயல்மண்ணில் வைத்தது தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. கிணற்றடி மேட்டில் வைத்த ஒன்று தளிர்த்திருக்கிறது. அதுவும் இன்னும் காய்க்கவில்லை.

நீங்களும் புறப்படுவதானால்

ஒன்று, இயன்றவரை பத்துப் பன்னிரண்டு பேராகச் சேருங்கள், தலைக்கு விழும் காசு குறையும். வான் கட்டாவிட்டால் புகையிரதம் இன்னும் மலிவு. 2014இலிருந்து யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது.

இரண்டு, மலசலகூடம் உள்ள இடங்களை முன்பே குறித்துக்கொண்டு அதற்கேற்ப நிறுத்துங்கள். மாதவிடாய்த் துணி, மருந்து, குடிதண்ணீர் கட்டாயம்.

மூன்று, கேட்காமல் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். ஆயும் காலமா என்று முதலே விசாரியுங்கள். கவாத்து முடிந்த நேரம் போனால் வெறும் தடிதான் தெரியும்.

நான்கு, உங்கள் குழுவில் யாருக்கு எந்த இடம், எந்தப் பொருள் தாங்க முடியாததாக இருக்கும் என்று புறப்படும் முன் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது இதுதான். வர விரும்பாதவரை இழுக்காதீர்கள். வழியில் அழுபவரை "அழாதே" என்று அடக்காதீர்கள்.

இந்தப் பயணத்தால் எங்கள் துயரம் தீர்ந்தது என்று நான் எழுதமாட்டேன். திங்கட்கிழமை எல்லோரும் மறுபடி கூலிக்கும் கோழிக்கூட்டுக்கும் போனோம். ஆனால் ஓடச் சொல்லி யாரும் விரட்டாமல், போக வேண்டும் என்று நாங்களே நினைத்துப் பானை ஏற்றிய பயணம் இது. திரும்பி வர வீடும் இருந்தது.

இரவு பத்து மணிக்கு அந்த அம்மாவின் படலையில் வானை நிறுத்தினோம். லாம்பு எரிந்துகொண்டிருந்தது. "ஆரும் வந்தவையே?" என்று கேட்டார். இல்லை என்றாள் பிள்ளை. அம்மா சற்று நேரம் நின்றார். பிறகு மடியில் கட்டி வைத்திருந்த முந்திரிகைக் கொத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்து, மீதியைச் சாமிப் படத்தடியில் வைத்தார்.

மறுகிழமைக் கூட்டத்தில் 100 ரூபாவை முதலில் நீட்டியவர் அவர்தான். அடுத்தமுறை மடுவுக்காம். உங்கள் சங்கம் எங்காவது போய்வந்தால் எமக்கும் எழுதுங்கள் சகோதரிகளே.