செம்பு லாரி ஏறுது... விஷம் ஊரில் தங்குது! இலவச டி.வி.க்களின் கதி என்ன?

திருமுக்கூடல்:

பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற மூன்று ஆறுகள் கூடும் ஊர், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள திருமுக்கூடல். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போல இங்கும் இன்னொரு மூன்று கூடிக் கிடக்கிறது. ஓடாத டி.வி., சுற்றாத மின்விசிறி, அரைக்காத மிக்சி!

பரணில் இடம் இல்லை. குப்பையில் போட்டால் குப்பை வண்டி எடுப்பதில்லை. காயலான் கடைக்காரர் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டுப் போகிறார். அந்த மிச்சப் பாதியில்தான் ஆபத்தே இருக்கிறது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு கோடியே 60 லட்சம் பெட்டிகள்

2006-ம் ஆண்டு செப்டம்பரில் அன்றைய தி.மு.க. அரசு இலவச கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கியது. டி.வி. இல்லாத ரேஷன் கார்டு குடும்பங்களுக்கு 14 அங்குல பெட்டி கொடுக்கப்பட்டது. 2011-ல் ஆட்சி மாறும் வரை சுமார் 1 கோடியே 60 லட்சம் பெட்டிகள் வினியோகம் ஆயின. செலவு 3 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

2011 செப்டம்பரில் அடுத்து வந்த அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. குடிசையில்கூட மாவு அரைக்கும் இயந்திரம் சுற்றியது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்தது. பெண்களின் இடுப்பு வலி குறைந்தது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

ஆனால் எந்த டி.வி.க்கும் ஆயுசு பத்து, பதினைந்து வருஷம்தான். இலவச டி.வி.யில் கடைசியாக வந்த பெட்டிக்கும் இன்று அந்த வயது ஆகிவிட்டது. சுவரில் மாட்டும் தட்டை டி.வி. வந்த பிறகு பழைய பெட்டியை ரிப்பேர் செய்யவும் ஆள் கிடைப்பதில்லை. கோடிக்கணக்கில் கொடுத்தபோது வரிசையில் நிற்க வைத்து, கையெழுத்து வாங்கி, கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். திரும்ப வாங்க அப்படி ஒரு வரிசையும் இல்லை, கணக்கும் இல்லை.

காயலான் கடையில் நடப்பது என்ன?

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய் இப்போது மினி லாரியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பேரம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

"அண்ணே, டி.வி. பொட்டி ஒண்ணு இருக்கு. என்ன தருவீங்க?"

"குழாய் டி.வி.யாக்கா? அதுல என்ன இருக்கு. உள்ள இருக்கிற காயிலுக்கு வேணா தரலாம்."

அவர் சொல்வது வியாபாரக் கணக்கு. பிக்சர் டியூப்பின் கழுத்தில் செப்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கிறது. அதற்கு விலை உண்டு. சர்க்யூட் போர்டுக்கு விலை உண்டு. இரும்பு, அலுமினியத் துண்டுகளுக்கு விலை உண்டு. கண்ணாடிக் குழாய்க்கு மட்டும் பைசா கிடையாது. எடையோ அதில்தான் அதிகம். எனவே கழுத்தை உடைத்து காயிலை உருவிக்கொண்டு, குழாயை ஏரிக்கரையிலோ ஓடையிலோ போடுவது வழக்கமாகிவிட்டது.

அந்தக் குழாய் சாதாரணக் கண்ணாடி அல்ல. உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். முழுசாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. நொறுங்கி, குப்பைக் குழியில் ஊறும் புளிப்புத் தண்ணீர் பட்டால் ஈயம் கரைந்து வெளியே வரும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை போனால் பயமில்லை' என்று சொல்லும்படியான அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இன்னொரு பக்கம் வயரைக் கொளுத்துகிறார்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் எரிந்துபோனால் செம்பு தனியாக நிற்கும் என்பது கணக்கு. அந்த கறுப்புப் புகையில் டயாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. போகிப் பண்டிகையன்று டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் சொல்வதற்கும் இதே புகைதான் காரணம்.

பாலாறு ஏற்கனவே பட்ட பாடு

பாலாற்று மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரை நம்பித்தான் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதியில் பல ஊர்களின் குடிநீர் ஓடுகிறது. ஆற்றில் வெள்ளம் பார்ப்பது எப்போதாவதுதான் என்றாலும் அடியில் ஊற்று இருக்கிறது. கரையில் கொட்டுவது கடைசியில் போய்ச் சேரும் இடமும் அந்த ஊற்றுதான்.

இதே ஆற்றின் மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு என்ன பாடுபடுத்தியது என்பது ஊருக்கே தெரியும். அந்த வழக்கில்தான் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கூறியது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் ஒருமுறை தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. கெட்டுப்போன ஆற்றைச் சரிசெய்வது அவ்வளவு லேசில் நடக்காது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

யார் பொறுப்பு?

மின்னணுக் கழிவுக்கும் சட்டம் இருக்கிறது. முதல் விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2022-ம் ஆண்டு விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். 106 வகைப் பொருள்கள் இதில் அடக்கம்.

பாலாறு வழக்கில் சொன்ன அதே நியாயம்தான் இங்கும். பொருளைச் செய்து விற்றவர் அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு. 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 சதவீதம் என்று கம்பெனிகளுக்கு இலக்கு போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி வீடு வீடாக வந்து எடுக்குமா? எடுக்காது. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் பழைய பொருளைப் பிரித்து உலோகம் எடுக்கும். எடுத்த உலோகத்துக்குச் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கினால் இலக்கு முடிந்தது.

இந்தச் சான்றிதழின் விலைக்கே பெரிய சண்டை. 2024-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீட்டு மின்னணுப் பொருளுக்கு கிலோவுக்கு குறைந்தது 22 ரூபாய் என்று நிர்ணயித்தது. கட்டாது என்று பெரிய பெரிய கம்பெனிகள் 2025-ல் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின.

சட்டத்தில் ஓட்டை எங்கே?

சான்றிதழ் முறை தொடங்கியபோது கணக்கில் எடுத்துக்கொண்ட உலோகங்கள் நான்கு. தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு!

காயலான் கடைக்காரர் தேடுவதும் ஏறத்தாழ அதையேதான். விலை உள்ளதற்கே சட்டமும் சான்றிதழ் தருகிறது. விலை இல்லாத ஈயக் கண்ணாடியைச் சுமந்துகொண்டு போக ஆலைக்கு என்ன ஆசை இருக்கும்? 22 ரூபாய்க்காக டெல்லியில் நடக்கும் சண்டையில் திருமுக்கூடலில் கிடக்கும் குழாய்க்கு ஒரு பங்கும் இல்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழி பிடித்தது. 2005 முதல் அங்கே புது டி.வி. வாங்கும்போதே கழிவுக் கட்டணம் வசூல் செய்கிறார்கள். அந்தப் பணம் பழைய பெட்டியை சேகரிப்பவருக்கும் பிரிப்பவருக்கும் எடைக்கு எடை போகிறது. கண்ணாடிக்கும் எடை உண்டு என்பதால் கண்ணாடியும் ஊரை விட்டுப் போகிறது.

நம் நாட்டிலேயே எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன மொராதாபாத்தில், பழைய சர்க்யூட் போர்டுகளை எரித்து உலோகம் எடுக்கும் தொழில் பரவியது. சாம்பலைக் கழுவியது ராம்கங்கை ஆற்றில். கரையில் சாம்பல் குவிந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017-ல் கழிவு கொட்டுபவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு இல்லாத ஏழைகள். முதலில் புகையைச் சுவாசித்ததும் அவர்கள்தான்.

உலக நிலவரமும் பெருமைப்படும்படி இல்லை. 2022-ல் உலகம் தள்ளிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

முதல் விஷயம், உடைக்கக் கூடாது. முழுப் பெட்டியாக இருக்கும்வரை குழாய் டி.வி. பரணில் இருப்பதால் ஆபத்து இல்லை. குழாய்க்குள் காற்றே கிடையாது. அடித்தால் சில்லுகள் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். பிள்ளைகள் விளையாடக் கொடுக்கவே கூடாது.

இரண்டாவது, பிரித்து விற்கக் கூடாது. கழட்டிக் கொடுத்தால் பத்து, இருபது கூடக் கிடைக்கலாம். மிச்சம் யார் தலையில்? 'எடுத்தால் முழுசா எடுங்க' என்று சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, புதுசு வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'இது எங்கே போகுது? பதிவு பெற்ற ஆலைக்கா, காயலான் கடைக்கா?' நாலு பேர் கேட்டால் கடைக்காரரும் கம்பெனியைக் கேட்பார். பழைய பொருளை எடுக்க இலவச போன் எண் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அனுமதி பெற்ற ஆலைகளின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கிடைக்கும்.

மற்ற பொருள்களுக்கும் பக்குவம் உண்டு. பிரிட்ஜின் பின்பக்கக் குழாயை வெட்டினால் வாயு காற்றோடு போய்விடும். புது மாடல்களில் சில வாயு தீப்பற்றக் கூடியது. டியூப் லைட்டிலும் சி.எப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். செல்போன் பேட்டரியில் ஆணி பட்டால் தீப்பிடிக்கும். குப்பையோடு சேர்க்கவே கூடாது. பழைய செல்போனைக் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் போட்டோ, பேங்க் விவரம் எல்லாவற்றையும் அழித்து சிம்மை எடுத்துவிட வேண்டும்.

ஓடுகிற பொருள் என்றால் கழிவே இல்லை. ரிப்பேர் செய்து தேவைப்பட்டவருக்குக் கொடுத்தால் புண்ணியம்.

ஊர் கூடினால் முடியும்

ஒரே ஒரு பெட்டிக்காக காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ ஆட்டோ பிடிக்க யாராலும் முடியாது. ஒரு லாரி நிறைய இருந்தால் ஆலைக்காரரே வண்டி அனுப்பக் கணக்கு சரிவரும். தனி வீட்டால் ஆகாத காரியம் ஊரால் ஆகும்.

2022 விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. குப்பையில் கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்து பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புவது உள்ளாட்சி அமைப்பின் வேலை. செய்த கம்பெனி இன்னது என்று தெரியாத அநாதைப் பொருளும் உள்ளாட்சியின் பொறுப்பு. ஒரு காலத்தில் சென்னையில் தயாராகி வீட்டுக்கு வீடு இருந்த சாலிடேர், டயனோரா பெட்டிகளுக்கு இன்று யாரைக் கேட்பது?

சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில், பழைய சோபா, மெத்தையோடு மின்னணுப் பொருளையும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கிராமத்துக்கு மட்டும் ஏன் கூடாது? தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வரத்தான் செய்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருநாள் மின்னணுக் கழிவுக்கு என்று ஒதுக்கி, மழை படாத ஒரு அறையில் சேர்த்து வைத்து, சுற்று வட்டார ஊராட்சிகள் ஒன்றாக லாரி பிடித்தால் வேலை முடிந்தது. காயலான் கடைக்காரர்களை விரட்டத் தேவையில்லை. இந்தத் தொழிலில் உள்ளவர்களைப் பதிவு செய்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. முழுப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தால் அவருக்கும் கூலி என்று வைத்தால் குழாய் ஓடைக்குப் போகாது.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புது டி.வி.யும் பிரிட்ஜும் செல்போனும் தயாராகி நாடு முழுக்கப் போகின்றன. போகத் தெரிந்த லாரிக்குத் திரும்பி வரவும் வழி இருக்கும்.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதில் வைத்தியர், மருந்துகள் என்று எல்லாவற்றையும் பெயர் பெயராக, அளவு அளவாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரின் ஆரோக்கியத்துக்குக் கணக்கு வைத்த ஊர் இது. வீட்டுக்கு வீடு கிடக்கும் குழாய் டி.வி. எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது ஊராட்சிக்குப் பெரிய காரியமா என்ன?

கொடுத்தது அரசு. செய்தது கம்பெனி. அனுபவித்தது மக்கள். மூன்று பேரும் கூடினால்தான் விஷம் ஊரை விட்டுப் போகும். அடுத்த மழைக்குள் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?