வேலைக் கடிதமும் நாட்டின் வாயிலும்

தில்லியிலுள்ள புசா ரோட்டின் பெயரே வெளியூரிலிருந்து வந்தது. பீகார் மாநிலத்துப் புசா என்னும் ஊரில் 1905-இல் தொடங்கப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் சிதைந்தது. 1936-இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டபோது ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அச்சாலையை ஒட்டிய கரோல் பாக் பகுதியில் தமிழர் பலர் குடியேறினர். அரசுப்பணி ஆணையோடு வந்தோர் உண்டு. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தகுதியை மட்டும் நம்பி, உறவினர் வீட்டில் தங்கி வேலை தேடியோரும் உண்டு. 'வேலைக் கடிதம் எங்கே?' என்று இரயில் நிலையத்தில் எவரும் அவர்களை மறிக்கவில்லை. நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு வழங்கியுள்ளது.

நாட்டெல்லையைக் கடப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. எவரை ஏற்பது என முடிவு செய்யும் அதிகாரம் ஏற்கும் நாட்டினுடையது. ஆனால் எதைக் கொண்டு முடிவு செய்வது? கல்வி, மொழியறிவு, பட்டறிவு ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு அரசே மதிப்பிடுவது ஒரு வழி. கனடா 1967-இல் இதனைத் தொடங்கியது. வேலை தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தால் மட்டுமே அனுமதிப்பது மற்றொரு வழி; அமெரிக்காவின் எச்-1பி விசா இத்தகையது.

இரண்டாம் வழிக்கும் நியாயம் உண்டு. வேலையோடு வருபவர் முதல் மாதமே ஊதியம் பெறுவார். புள்ளிமுறையில் கனடா சென்ற மருத்துவரும் பொறியாளரும் வாடகைக் கார் ஓட்ட நேர்ந்ததும் உண்மையே. ஆயினும் அக்குறையின் வேர் வேறிடத்தில் உள்ளது. அங்கே குடியேற்ற அனுமதியை நடுவண் அரசு தருகிறது. தொழில் உரிமத்தையோ மாகாணத் தொழில் மன்றங்கள் தருகின்றன. உரிமம் இல்லாத மருத்துவருக்கு எந்த மருத்துவமனை வேலைக் கடிதம் தரும்? கடிதம் கேட்பதால் அச்சிக்கல் தீராது. அவர் வாயிலுக்கு வெளியே நிற்பார், அவ்வளவே.

கடிதத்தை நுழைவுச்சீட்டு ஆக்கும்போது, வாயிலின் சாவி முதலாளியின் கைக்குச் செல்கிறது. எச்-1பி விசாவில் இருப்போர் வேலை இழந்தால், பெரும்பாலும் 60 நாள்களுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இல்லையெனில் நாடு திரும்ப நேரும். இந்நிலையில் ஊதிய உயர்வு கேட்கவும் அஞ்சுவது இயல்பு. தமிழர்க்கு இது புதிதன்று. கங்காணி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு வேலை முன்கூட்டியே உறுதியாகியிருந்தது. கடன்தொகை குறித்த 'துண்டு' இன்றி அவர்களால் வேறு தோட்டத்துக்கு மாற இயலவில்லை. அம்முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. மென்பொருள் பொறியாளரைத் தோட்டத் தொழிலாளரோடு சமமாக வைப்பது மிகையே. எனினும் வேலை கையில் இருப்பதும் விடுதலை கையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடிதத்துக்கு மிகுந்த மதிப்பளித்துக் கனடாவும் பட்டது. 2015-இல் தொடங்கிய விரைவு நுழைவுத் திட்டத்தில், தகுதியான வேலைக் கடிதத்துக்கு 600 புள்ளிகள் தரப்பட்டன. 2016-இல் அது 50 அல்லது 200 ஆகக் குறைந்தது. அப்போதும் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டமையால், 2025 மார்ச்சில் அப்புள்ளிகளையே அரசு நீக்கியது. ஒரு தாளுக்கு அத்தனை மதிப்பை ஏற்றினால், அது சந்தைக்கு வருவதில் வியப்பில்லை.

செர்மனி வேறு வழி கண்டது. 2024 சூன் முதல் அந்நாடு வழங்கும் வாய்ப்பு அட்டையைப் பெறுவோர், தம் செலவுக்கான பணத்தைக் காட்டி, ஓராண்டு வரை அங்கேயே தங்கி வேலை தேடலாம். தேடும் காலத்தில் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். இதுவே ஏற்கத்தக்க முறை. இதனோடு உரிமத் தேர்வும் முன்கூட்டியே நடைபெற வேண்டும். கனடாவின் மருத்துவத் தகுதித் தேர்வை வெளிநாட்டிலிருந்தே எழுதலாம். செவிலியர்க்கும் பொறியாளர்க்கும் உரிய தேர்வுகள் அனைத்தையும் இவ்வாறே சொந்த ஊரில் எழுத வழி செய்தால், தேறாதவர் நிலத்தை விற்று விமானம் ஏறும் முன்பே தம் நிலையை அறிந்துகொள்வார்.